தேர்வு இல்லாத வகுப்பு

கல்லூரிக்கு வந்த பின் 'வகுப்பு' என்ற சொல்லுக்கு நாம் ஒரு பொருளை உறுதி செய்துகொண்டு விட்டோம். மணி அடிக்கும், பேராசிரியர் வருவார், வருகைப் பதிவு நடக்கும், குறிப்பெடுப்போம், பருவத்தின் முடிவில் தேர்வு வரும். அந்த மூன்று மணி நேரத்தில் எழுதியதை வைத்து நாம் கற்றவரா கல்லாதவரா என்பது முடிவாகிவிடும். மணியும் தேர்வும் இல்லாத வகுப்பு ஒன்றை நான் அறிவேன். அறுபது வயதைக் கடந்தவர்களும் அதில் மாணவர்களே. தேர்வே இல்லாத அந்த வகுப்பில் ஒரு நாள் மாலை நான் தோற்றுப்போனேன். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்புகின்றேன்.

நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், செம்மணல் தேரியை ஒட்டினாற்போல் எங்கள் ஊர் இருக்கின்றது. பனையை நம்பி வாழ்ந்த ஊர். 1799-ஆம் ஆண்டில் இப்பகுதிக் கிறிஸ்தவர்களின் முதற் குடியிருப்பாக எழுந்த முதலூர் எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை. அதன் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். எங்கள் பக்கத்து ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வேதத்தைத் தானே வாசிக்க வேண்டுமானால் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஜெபம் செய்யக் கூடிய இடத்திலேயே 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கும் இடமும் தோன்றிற்று.

ஆனால் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததனாலேயே எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பனைத் தொழிலில் பதனீர்க் காலம் வந்துவிட்டால் வீடு முழுவதும் வேலைதான். ஆண்கள் விடியுமுன் பனை ஏறுவார்கள். பெண்கள் பதனீரைச் சுமந்து வந்து, விறகு பொறுக்கி, புகையில் நின்று கருப்பட்டி காய்ச்சுவார்கள். தம்பி தங்கையரைச் சுமந்து திரிய ஒரு பெண்பிள்ளை வேண்டும். அந்தப் பெண்பிள்ளையின் படிப்புதான் முதலில் நிற்கும். எங்கள் ஆச்சி அப்படி நின்றுபோனவர்களுள் ஒருவர். இதை நான் அறிந்துகொண்டது பத்தொன்பது வயதில். அதற்கு முன் அறியாதிருந்தேன் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் சேகரத்தில் வியாழக்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்குப் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு நடக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பனையேறிக் கைகால்கள் காய்த்துப்போன தாத்தாமார், பீடி சுற்றும் பெண்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர் என இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். முதலில் ஒரு கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியதாகவே அது பெரும்பாலும் இருக்கும். பிறகு ஒரு சிறு ஜெபம். அதன்பின் குறித்த அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் ஐயர், அதாவது எங்கள் குருவானவர், ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுல உங்க மனசுல தைச்சது எது?" அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசமாட்டார். ஊர்தான் பேசும்.

அந்தப் பேச்சு எப்போதும் வேதத்தில் தொடங்கி வீட்டில் முடியும். வரப்புத் தகராறு வரும். திருப்பூருக்குப் போன மகன் கடிதமோ தொலைபேசியோ இல்லாமல் இருப்பது வரும். வட்டிக் கடன் வரும். கடைசியில் ஜெபக் குறிப்பு. யாருக்கு உடல்நலமில்லை, யாருக்கு என்ன குறை என்று சொல்வார்கள். சொன்னதோடு விட்டுவிடவும் மாட்டார்கள். ஒருமுறை பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்தபோது, துணைக்கு யார் யார் எந்தெந்த இரவு போவது என்று அந்தப் பாயில் அமர்ந்துதான் முறை வகுத்தார்கள். ஜெபம் முடிந்ததும் சுக்குக் காப்பி வரும். அதைக் குடித்துவிட்டு டார்ச் லைட் வெளிச்சத்தில் மணலில் நடந்து வீடு திரும்புவோம்.

இதனைப் பொற்காலம் போல் வரைந்து காட்ட நான் விரும்பவில்லை. சபைத் தேர்தல் வந்தால் அதே பாயில் அமர்ந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து முகம் பாராமல் போனதையும் கண்டிருக்கின்றேன். ஆண்கள் பேசும் நேரத்தில் பாதிகூடப் பெண்களுக்குக் கிடைத்ததில்லை. இத்தனை குறைகளோடும் அது ஒரு ஐக்கியம். ஆதித் திருச்சபையைப் பற்றி அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுமிடத்தில், உபதேசமும் ஐக்கியமும் அப்பம் பிட்குதலும் ஜெபமும் சேர்ந்தே நிற்கின்றன. உபதேசம் எனக்குப் புரிந்தது. ஐக்கியம் என்பது காப்பி குடிப்பதும் நலம் விசாரிப்பதும் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

நான் இக்கல்லூரியில் வரலாற்றுப் பாடம் எடுத்துச் சேர்ந்த முதலாண்டு அது. லெந்து காலம். புதிதாக மாற்றலாகி வந்த இளைய ஐயர் ஒரு யோசனை சொன்னார். நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்போடு, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டு வாசித்தால் பொருள் இன்னும் தெளிவாகுமே என்றார். பத்திருபது பிரதிகளும் வரவழைத்தார். "தம்பி, நீ சரித்திரம் படிக்கிற பிள்ளை. தமிழ் வேதம் வந்த கதையைப் பத்து நிமிஷம் சொல்லேன்" என்று எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாட்கள் நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். வியாழனன்று எழுந்து நின்று முழங்கினேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்ததையும், அது அங்கேயே அச்சாகி 1715-இல் முடிவுற்றதையும் சொன்னேன். பழைய ஏற்பாட்டை முடிக்குமுன்னரே 1719-இல் அவர் மறைந்ததையும் விட்டுவிடவில்லை. பின்வந்த பப்பிரிசியுஸ் நெடுங்காலம் பாடுபட்டுத் திருத்தியதையும், ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்து நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நம் நாவில் நிலைத்துவிட்டதையும் விளக்கினேன். பழையதில் 'சுவிசேஷம்' என்றிருப்பது புதியதில் 'நற்செய்தி'. 'தீர்க்கதரிசி' என்றிருப்பது 'இறைவாக்கினர்'. 'சங்கீதம்' என்றிருப்பது 'திருப்பாடல்' என்று பட்டியலும் போட்டேன். வாத்தியார் தலையை அசைத்து ரசித்தார். ஆச்சி பெண்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் பேசுவதைக் கேட்கும் பெருமை அந்த முகத்தில் இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இன்றும் நெஞ்சு உறுத்துகின்றது.

அன்றைய பகுதி லூக்கா பதினைந்தாம் அதிகாரம். கெட்ட குமாரன் கதை என்று நாம் சொல்லும் உவமை அது. பதினொன்றாம் வசனத்தில் தொடங்குகிறது. எல்லார் கையிலும் புதிய புத்தகம். ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் திரும்பிற்று. ஆச்சி பத்தாவது ஆள். இருபதாம் வசனம். சொத்தை அழித்த மகன் வீடு திரும்புவதும், தொலைவிலேயே அவனைக் கண்டு தகப்பன் ஓடிவருவதும் அந்த வசனத்தில்தான் வருகின்றன.

ஆச்சி புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். பக்கத்தில் இருந்த பெரியம்மை குனிந்து ஏதோ முணுமுணுத்தார். ஆச்சி கணீரென்று சொல்லத் தொடங்கினார். ஒரு தடங்கல் இல்லை. ஆனால் புத்தகத்தில் 'தந்தை' என்றிருக்கும் இடத்தில் ஆச்சி 'தகப்பன்' என்றார். தொடர்ந்து வந்த சொற்களும் புதிய புத்தகத்தில் இல்லாதவை. முழுவதும் பழைய மொழிபெயர்ப்பு.

பத்து நிமிடம் மேடை ஏறியவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆச்சி, இதுல 'தந்தை'ன்னுல்லா போட்டிருக்கு. பக்கத்தைப் பாத்து வாசிங்க" என்றேன்.

அறை அமைதியாயிற்று. ஆச்சி புத்தகத்தை இறக்கவில்லை. பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. அந்த விரல்களைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக அவர் ஒரு வசனத்தைக்கூட வாசித்ததில்லை. எல்லாம் காதால் கேட்டு நெஞ்சில் எழுதி வைத்திருந்தவை. கறுப்பு அட்டை போட்ட அவருடைய வேதப்புத்தகத்தில் பெரியம்மைதான் இடம் பார்த்துக் குருத்தோலைச் சிலுவையை அடையாளம் வைத்துக் கொடுப்பார்; முறை வரும்போது முதற்சொல்லை எடுத்துக் கொடுப்பார். மற்றதை ஆச்சியின் நினைவு பார்த்துக்கொள்ளும்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஆச்சி சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. பழைய புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. ரெண்டையும் ஒப்பிடத்தானே உக்காந்திருக்கோம்? புதுசுல பாதி வாசிச்சாச்சு. மீதியைப் பழசுல பாப்போம்."

இருபத்தொன்றாம் வசனம் பெரியம்மையுடையது. அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். கையிலிருந்த புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து சொன்னார். அடுத்தவரும் மூடினார். அதற்கடுத்தவர் நடுவில் தடுமாறினார். மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்துக்கொடுத்தார்கள். கடைசி வசனங்களை அந்த அறையே ஒரே குரலில் சொல்லிற்று. புத்தகம் திறந்திருந்தது என் கையில் மட்டுமே.

அவர்கள் அனைவருக்கும் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ ஆண்டுகளாகத் தெரியும். ஒருவரும் ஒருநாளும் அதை வெளியில் சொன்னதில்லை. ஆச்சியைத் தாண்டி அடுத்தவருக்கு முறை போனதும் இல்லை. அதைவிட நுட்பமான ஒன்று பின்னால் புரிந்தது. ஆச்சிக்கு முன் வாசித்த ஒன்பது பேரும் புதிய சொற்களை வாசித்ததை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தம்மிடம் இருப்பது பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்தே இருக்கும். கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் தம்மிடம் உள்ளதைச் சொன்னார். இந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார். கூட்டம் ஏற்றுக்கொள்ளவும் செய்தது. மறுத்தது அவர் வளர்த்த பேரன்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியெல்லாம் ஆச்சி பேசவில்லை. மறு வியாழன் தலைவலி என்றார். அதற்கடுத்த வியாழன் மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்றார். மாட்டை விற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் மன்னிப்புக் கேட்க முயன்றபோதெல்லாம், "அதுக்கு என்னல இப்போ? போய்ப் படி" என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் ஐயரும் வாத்தியாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூட அறையில் வெள்ளையடிக்கிறார்கள், இந்த வாரம் வகுப்பை உங்கள் முற்றத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வந்தவர்களை மறுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வியாழன் மாலை இருபது பேரும் வந்து எங்கள் முற்றத்து மணலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆச்சி காப்பிக்கு உலை வைத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தார். வெள்ளையடிப்பு உண்மையா என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். அறை பழைய நிறத்திலேயே இருந்தது.

அன்று மீண்டும் லூக்கா பதினைந்து. உவமையின் பிற்பகுதியாகிய மூத்த மகன் கதை. வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் வீட்டில் ஆடல்பாடல் சத்தம் கேட்டுக் கோபங்கொண்டு வெளியிலேயே நிற்கிறான். தம்பியின் குற்றங்களை எண்ணி எண்ணிச் சொல்கிறான். ஐயர் தம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வாசற்படியிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"எனக்கு எழுத்து தெரியாது. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என் வாயால சொல்லலை, இப்போ சொல்லுதேன். கண்ணு இருக்கும்போதே படிச்சிரணும்னு இருக்கு. யாராவது சொல்லித் தருவியளா?"

நான் முந்திக்கொண்டு, "நான் சொல்லித் தாரேன் ஆச்சி" என்றேன். ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"நீ வேண்டாம் ராசா. நீ பரீட்சைக்குப் படிச்ச பிள்ளை. உன் கண்ணுக்குத் தப்புதான் மொதல்ல தெரியும். அவ சொல்லித் தரட்டும். அவளுக்கு மொதல்ல என்னைத் தெரியும்" என்று பெரியம்மையைக் காட்டினார்.

எத்தனையோ பேராசிரியர்கள் என் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கின்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் போல் என்னைத் திருத்தியது வேறில்லை.

பெரியம்மை அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. ஆச்சிக்கு மனப்பாடமான இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பழைய புத்தகத்தில் திறந்துவைத்தார். மதியம் கருப்பட்டி வேலை ஓய்ந்த பின், இருவரும் திண்ணையில் அமர்வார்கள். ஆச்சி சொல்லச் சொல்லப் பெரியம்மை ஒவ்வொரு சொல்லின் கீழும் ஆச்சியின் விரலைப் பிடித்து நகர்த்துவார். ஒலி முன்பே தெரியும். உருவம் மட்டுமே புதிது. 'கர்த்தர்' என்ற சொல்லில் இருந்த 'க' வேறொரு சொல்லிலும் வந்தபோது, "இது அதே எழுத்துல்லா!" என்று ஆச்சி வியந்ததை அறைக்குள்ளிருந்து கேட்டேன். நாமெல்லாம் எழுத்தைக் கற்றுச் சொல்லுக்குப் போனோம். ஆச்சி சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்கி வந்தார். 1990-களில் நம் மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் தனி எழுத்தை விட்டு, கற்பவர் வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்தே பாடம் தொடங்கியதாகப் படித்திருக்கின்றேன். பெரியம்மை இதையெல்லாம் படித்தவர் அல்லர். எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கின்றது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கினார், அவ்வளவே.

ஆச்சி பண்டிதராகிவிடவில்லை. இன்றும் கூட்டெழுத்துப் போல் நெருங்கிய அச்சைக் கண்டால் திணறுவார். ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கிறார். ரேஷன் அட்டையில் தம் பெயரைத் தடவிப் பார்க்கிறார். சென்ற ஆண்டு சபைப் பொதுக்கூட்டத்தில், பெருவிரலை நீட்டாமல் பேனாவை வாங்கி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். ஐந்து எழுத்தை எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற வரிசையில் ஒருவரும் அவசரப்படவில்லை.

நண்பர்களே, இது ஒரு மதத்தாரின் கதை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடிக் கேட்பது நம் மண்ணின் பழைய வழக்கம். அய்யாவழிப் பதிகளில் அகிலத்திரட்டு ஏடுவாசிப்பு நடக்கின்றது. மார்கழியில் திருப்பாவை ஒலிக்கின்றது. தேநீர்க் கடையில் நாளிதழை ஒருவர் வாசிக்க நான்கு பேர் கேட்டதை நம் பெற்றோர் அறிவார்கள். எழுத்தறியாதவரும் அந்த அவைகளில் உறுப்பினரே. நாம் கல்லூரியில் தனித்தனியே அமர்ந்து, தனித்தனியே எழுதி, தனித்தனியே தேறுகின்றோம். தவறு காணும் திறமையை இங்கே நமக்குப் பயிற்றுவிக்கின்றார்கள். அது வேண்டிய திறமையே. ஆனால் தவறுக்குப் பின்னால் நிற்கும் மனிதரை முதலில் காணும் திறமையை நான் அந்தப் பாயில்தான் கற்றேன். ஐக்கியம் என்ற சொல்லுக்கு இன்று என்னைப் பொருள் கேட்டால், எல்லாரும் புத்தகத்தை மூடிவைத்த அந்த மாலையைத்தான் சொல்வேன்.

இந்த லெந்து காலத்திலும் வகுப்பு நடந்தது. மறுபடியும் அதே அதிகாரம் வந்தது. புதிய புத்தகமே வேண்டும் என்று ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். முறை வந்ததும், விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'தந்தை' என்று வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து, ஆண்கள் பக்கம் என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்:

"தகப்பன்னாலும் சரி, தந்தைன்னாலும் சரி. ஓடி வந்தது ஒரே ஆளுதாம்ல."